பூனை அடிக்கடி வாந்தி எடுக்கிறதா? முதலில் காலண்டரை எடுங்கள்

விடியற்காலை நாலரை மணிக்கு அந்தச் சத்தம் கேட்கும். பூனை வளர்ப்பவர்கள் எவ்வளவு அசந்து தூங்கினாலும் அந்த 'க்ளக் க்ளக்' காதில் விழுந்ததும் எழுந்து ஓடி, பாயிலோ மெத்தையிலோ விழுவதற்குள் அதைத் தூக்கித் தரையில் விட்டுவிடப் பார்ப்போம், பெரும்பாலும் தோற்றுப்போவோம். எங்கள் வீட்டுப் பூசணி (ஆண், கருத்தடை செய்தது, பெயருக்கேற்ற நிறம், பெயருக்கேற்ற உடம்பு) ஒரு சமயம் வாரத்துக்கு இரண்டு தடவை இப்படி எழுப்பிக்கொண்டிருந்தான். கேட்டவர்கள் எல்லாரும் "பூனைன்னா வாந்தி எடுக்கத்தான் செய்யும், முடி சிக்கியிருக்கும்" என்றார்கள். நானும் அதை நம்பி மூன்று மாதம் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாலரை கிலோ இருந்தவன் நாலு கிலோவுக்கு இறங்கிவிட்டான் என்பது டாக்டர் எடை மெஷினில் நிறுத்தியபோதுதான் தெரிந்தது. அரை கிலோதானே என்று தோன்றும். அறுபது கிலோ ஆள் ஆறு, ஏழு கிலோ இளைத்ததற்குச் சமம் அது.

அதனால் இந்த 'எடுக்கத்தான் செய்யும்' கதையை முதலில் ஓரம் வைத்துவிடலாம். முடி அதிகமுள்ள பூனை மாதத்தில் ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு தடவை முடி உருண்டையைத் துப்பிவிட்டு, துப்பிய கையோடு சாப்பாட்டுத் தட்டு முன்னால் போய் நின்று கத்தினால் பயப்பட ஒன்றுமில்லை. வாரம் ஒரு தடவை, அதுவும் மாதக்கணக்காக என்றால், பூனை எவ்வளவு துள்ளிக்கொண்டு இருந்தாலும் காட்ட வேண்டிய விஷயம்தான். 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தொடர் வாந்தியோ பேதியோ எடைக் குறைவோ இருந்து, ஸ்கேனில் சிறுகுடல் சுவர் தடித்துத் தெரிந்த 100 பூனைகளின் குடலிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். 99 பூனைகளுக்கு நோய் இருந்தது, ஏறக்குறைய பாதிக்கு நாள்பட்ட குடல் அழற்சி, மீதியில் பெரும்பகுதிக்குக் குடல் புற்றுநோய். ஸ்கேனிலேயே மாற்றம் தெரிந்த பூனைகளை மட்டும் எடுத்துச் செய்த ஆய்வு அது, எல்லாப் பூனைக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் அவற்றில் எத்தனையோ பூனைகளின் வீட்டிலும் 'முடிதான், முடிதான்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள்.

காலண்டர் விஷயத்துக்கு வருகிறேன். பால் கணக்கு எழுதுகிற மாத காலண்டர் சமையலறையில் தொங்குமே, அதிலேயே எழுதலாம், தனி நோட்டு எல்லாம் வேண்டாம், நோட்டு போட்டால் நாலாம் நாள் மறந்துவிடுவீர்கள். வாந்தி எடுத்த தேதிக் கட்டத்தில் 'வா' என்று போட்டு, பக்கத்தில் மணி, என்ன வந்தது (முடி, சோறு, மஞ்சள் தண்ணீர், நுரை), முந்தின வேளை என்ன சாப்பிட்டது, இந்த மூன்றையும் பொடி எழுத்தில் எழுதுங்கள். ஞாயிறுதோறும் எடை. எடை மெஷினில் நீங்கள் ஏறி ஒரு தடவை, பூனையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, கழித்தால் வந்துவிடும். அந்த மெஷின் நூறு, இருநூறு கிராம் முன்னே பின்னே காட்டும்தான், போகட்டும், மாதத்தில் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெரிந்துவிடும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வேறு அறிகுறி எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

பூசணியின் காலண்டரில் அஞ்சு வாரம் முடிந்தபோது அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். "ஏண்டி, எல்லாமே திங்களும் வியாழனுமா இருக்கே?" ஆமாம். ஞாயிறும் புதனும் எங்கள் வீட்டில் மீன் வாங்கும் நாள். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் சத்தத்தைக் கவனிக்கப் பழக வேண்டும்.

வாந்தியா, கக்கலா, இருமலா

மூன்றும் பார்க்க ஒன்று போல இருக்கும், வேறு வேறு உறுப்பின் பிரச்சினைகள். வாந்தி என்றால் முன்கூட்டியே தெரியும்: பூனை இடம் மாறி மாறி உட்காரும், உதட்டை நக்கும், எச்சில் ஒழுகும், பிறகு வயிறு பம்ப் அடிப்பதுபோல எக்கி எக்கி ஓங்கரித்து வெளியே தள்ளும். கக்குவது அப்படியில்லை. கைக்குழந்தை பால் குடித்ததும் கக்குமே, அதே மாதிரி சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தலையைக் குனிந்ததும் சிரமமே இல்லாமல் வந்து விழும், தின்ற தீனி அரைபடாமல் குழாய் வடிவில் கிடக்கும். வேகமாக விழுங்குவதால் அடிக்கடி வருவது இதுதான், ஆனால் ஒவ்வொரு வேளையும் வந்தால் உணவுக்குழாயைப் பார்க்க வேண்டும். மூன்றாவது இருமல். பூனை தரையோடு பம்மி, கழுத்தை நீட்டி, 'ஹக் ஹக்' என்று ஒரு நிமிடம் இருமிவிட்டு எதையும் துப்பாமல், அல்லது கொஞ்சம் நுரையை விழுங்கிவிட்டு எழுந்து போய்விடும். இதை ஏராளமானவர்கள் 'முடி வரமாட்டேங்குது' என்று நினைத்து முடிக்கான பேஸ்ட்டை வாங்கி மாதக்கணக்கில் நக்கவைக்கிறார்கள். அது ஆஸ்துமாவாக இருக்கலாம், பேஸ்ட்டில் போகாது.

எதுவென்று புரியவில்லையா, போனை எடுத்து வீடியோ பிடியுங்கள். பூனை தவிக்கும்போது வீடியோ எடுக்கிறாயே என்று வீட்டில் திட்டுவார்கள். திட்டட்டும். பதினைந்து வினாடி வீடியோ, நீங்கள் பத்து நிமிடம் நடித்துக் காட்டுவதைவிட டாக்டருக்கு உதவும் (நான் ஒரு தடவை நடித்தே காட்டியிருக்கிறேன், அந்த அறையில் ஒரு நாய்க்காரர் குடும்பத்தோடு இருந்தார்).

வந்ததைக் குனிந்து பாருங்கள்

அருவருப்புதான், ஆனாலும் துடைப்பதற்கு முன் ஒரு போட்டோ. மஞ்சள் தண்ணீர் பித்தநீர், வெறும் வயிற்றில் வருவது. எங்கள் இன்னொரு பூனை மிளகு, இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டால் காலை ஏழு வரைக்கும் ஒன்றுமில்லை, ஐந்து மணிக்கு மஞ்சளாக எடுப்பாள். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. படுக்கப் போகும்போது பதினொரு மணிக்கு ஒரு ஸ்பூன் வைக்கச் சொன்னார்கள், நின்றுவிட்டது. மஞ்சள் எல்லாமே இவ்வளவு சுலபமில்லை, சாப்பிடவும் மறுத்துக்கொண்டு மஞ்சளாக எடுத்தால் கணையம், கல்லீரல் வரைக்கும் யோசிக்க வேண்டும். வெள்ளை நுரை எதிலும் வரும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. காபித்தூள் கலந்தாற்போல் பழுப்பாக இருந்தால் அது வயிற்றுக்குள் கசிந்து பழையதான ரத்தம். மலவாடை அடித்தால் குடல் அடைப்பு. வெள்ளையாக, நூடுல்ஸ் போல நெளிந்தால் உருண்டைப்புழு, குட்டிகளிடம் ரொம்ப சகஜம். ஆசனவாய்ப் பக்கம் அரிசி மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது நாடாப்புழுத் துண்டு, தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது, அதனால் மாத்திரை கொடுத்தால் மட்டும் போதாது, தெள்ளையும் ஒழிக்க வேண்டும்.

பூச்சி மருந்தை எடை பார்த்து டாக்டர் சொன்ன அளவில் கொடுங்கள். குட்டிக்கு முதல் சில வாரங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் ஆகும்வரை மாதம் ஒருமுறை, பெரிய பூனை வெளியே சுற்றினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான வழக்கம். பல்லி பிடித்துத் தின்கிற பூனை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பல்லிக்கு விஷம் கிடையாது, ஆனால் நம் ஊர் மாதிரி வெப்பமான இடங்களில் பல்லி வழியாக ஒரு தட்டைப்புழு பூனையின் பித்தநாளத்தில் போய்க் குடியேறும், வாந்தி, மெலிவு, கடைசியில் மஞ்சள் காமாலை வரை கொண்டுபோகும். வழக்கமாகக் கொடுக்கும் பூச்சி மாத்திரையின் அளவு அதற்குக் காணாது.

காலண்டரைத் தூக்கிப்போட்டு ஓட வேண்டிய நேரங்கள்

இதுவரை சொன்னது எல்லாம் நிதானமாகப் பார்க்கக்கூடிய வாந்திக்கு. சிலது அப்படி இல்லை. ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் எடுத்தால், குடித்த தண்ணீர்கூட நிற்காவிட்டால், ரத்தம் தெரிந்தால், வயிறு உப்பிக் கல்போல் இருந்தால், கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு கூப்பிட்டாலும் வராவிட்டால், ஈறும் காதின் உட்புறமும் மஞ்சளாகவோ வெளிறியோ இருந்தால், அன்றைக்கே போங்கள்.

ஆண் பூனை மண் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, ஒன்றும் வரவில்லை, கூடவே வாந்தி என்றால், அது மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடாதீர்கள். சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கும். சிறுநீர் போகாமல் விஷம் ரத்தத்தில் ஏறுவதால்தான் வாந்தியே வருகிறது. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். நள்ளிரவாக இருந்தாலும் கிளம்ப வேண்டியது இதற்குத்தான்.

தடுப்பூசி போடாத குட்டி சோர்ந்துபோய், தண்ணீர்க் கிண்ணத்தின் மேலேயே தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு, குடிக்காமல், நுரையாக எடுத்தால் பான்லூகோபீனியா என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம். தெருவில் கிடந்ததே என்று ஒரு மழை நாளில் தூக்கி வந்த குட்டியை இதில்தான் இழந்தேன், இரண்டே நாள். வெள்ளணுக்கள் சரிந்துவிடும், தனி மருந்து கிடையாது, டிரிப்ஸ் ஏற்றி, வேறு கிருமி தொற்றாமல் பார்த்துக்கொண்டு, தாக்குப்பிடிக்க வைப்பதுதான் சிகிச்சை, அதற்கும் சீக்கிரம் போனால்தான் வழி. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறையாக நாலு மாதம் வரை போடுகிற தடுப்பூசி இதைத் தடுத்துவிடும். வீட்டை விட்டே வெளியே போகாத பூனைக்கு எதற்கு ஊசி என்பார்கள். இந்த வைரஸ் உங்கள் செருப்பில் ஏறி வரும், வீட்டுத் தரையில் மாதக்கணக்கில், ஒரு வருடம்கூட, உயிரோடு கிடக்கும்.

அப்புறம் நூல். எதிர்வீட்டு அக்கா சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து மல்லிகை கட்டுவார், அவர்கள் வீட்டுப் பூனைக்குட்டி (பெயர் உருண்டை) பக்கத்திலேயே படுத்து நூல்கண்டோடு விளையாடும், பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். பூனையின் நாக்கில் இருக்கும் முட்கள் தொண்டைப் பக்கமாகச் சாய்ந்தவை, வாய்க்குள் போன நூலை அதனால் துப்ப முடியாது, விழுங்கிக்கொண்டே போகும். அந்தக் குட்டி இரண்டு நாள் எடுத்துக்கொண்டே இருந்தது. டாக்டர் வாயைத் திறந்து, கீழ்த்தாடைக்கு நடுவே கட்டை விரலால் மேலே அழுத்தி நாக்கைத் தூக்கிப் பார்த்தார், நாக்கின் அடியில் வெள்ளையாக ஒரு வளையம். நூலின் ஒரு முனை அங்கே மாட்டிக்கொண்டு மறு முனை குடலுக்குள் போயிருந்தது. குடல் அந்த நூலின் மேல், பாவாடை நாடாவில் துணி சுருங்குமே அப்படிச் சுருங்கிக்கொண்டே வரும், நூல் குடலை அறுத்தும் விடும். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டது. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது, நீளமாகத் தொங்கினால் நறுக்கலாமா என்று டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டு அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பூக்கட்டும் நூல், தையல் ஊசி நூல், ரப்பர் பேண்ட், தலைமுடி பேண்ட், பட்டம் விடும் நூல் எல்லாம் மூடி போட்ட டப்பாவுக்குள் போகட்டும்.

முதல் நாள் வீட்டில் செய்வது

ஒன்றிரண்டு தடவை எடுத்தது, ஆனால் கண் தெளிவாக இருக்கிறது, சுற்றி வருகிறது என்றால்: சாப்பாட்டை இரண்டு மூன்று மணி நேரம் எடுத்து வையுங்கள், தண்ணீரை எடுக்காதீர்கள். கிண்ணம் நிறைய வைத்தால் மடமடவென்று குடித்து உடனே எடுத்துவிடும், அதனால் அரை மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர், அல்லது நக்குவதற்கு ஓர் ஐஸ்கட்டி. சிரிஞ்சில் பீய்ச்சி வாய்க்குள் ஊற்ற வேண்டாம், குமட்டிக்கொண்டிருக்கும் பூனைக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும்.

பிறகு எலும்பும் தோலும் இல்லாத கோழிக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, ஒரு டீஸ்பூன் கொடுங்கள். உப்பு, மஞ்சள், மிளகு, பூண்டு எதுவும் வேண்டாம். தங்கியதா, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து இன்னும் இரண்டு ஸ்பூன். இப்படியே ஒரு நாள் ஓட்டிவிட்டு, அடுத்த இரண்டு மூன்று நாளில் வழக்கமான தீனியைக் கலந்து கலந்து பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். 'வயிற்றைக் காயப்போட்டால் சரியாகும்' என்று நமக்குச் சொல்வதைப் பூனைக்குச் சொல்லக்கூடாது. பூனை, அதிலும் குண்டுப் பூனை, இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ப் படிந்து அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. குட்டியைப் பட்டினி போடும் பேச்சே கிடையாது.

நீர்ச்சத்து இருக்கிறதா என்று பார்க்க ஈறில் விரலை வையுங்கள், வழவழவென்று ஈரமாக இருக்க வேண்டும், பசை மாதிரி ஒட்டினால் வற்றிவிட்டது. ஈறை அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். பிடரித் தோலைத் தூக்கிவிட்டுப் பார்ப்பதும் உண்டு, வயதான பூனையிலும் குண்டுப் பூனையிலும் அது ஏமாற்றும்.

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். நமக்கு வாந்தி நிற்கக் கொடுக்கும் மாத்திரையைப் பாதியாக உடைத்து, கால்வாசியாக உடைத்து என்று கணக்குப் போட வேண்டாம், குடல் அடைத்திருக்கும் பூனைக்கு வாந்தியை மட்டும் நிறுத்தினால் உள்ளே நடப்பது தெரியாமல் போய்விடும். பாராசிட்டமால் கொடுப்பது கொலைக்குச் சமம், 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும், நமக்கு அதை முறிக்கிற வேலையைச் செய்யும் ஈரல் ரசாயனம் பூனைக்கு மிகக் குறைவு. விஷம் எதையோ தின்றுவிட்டது என்று உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம், உப்பே விஷமாகிவிடும். எலி மருந்தோ வேறு எதுவோ தின்றிருந்தால் அதன் அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் காரணங்கள்

பாதி வாந்திக்குக் காரணம் அவசரம்தான். இரண்டு மூன்று பூனை இருக்கும் வீட்டில் 'அவன் தின்றுவிடுவானோ' என்ற பயத்தில் மென்று தின்னாமல் அப்படியே விழுங்கும். கடையில் இதற்கென்று மேடு பள்ளம் வைத்த தட்டு விற்கிறார்கள், நான் பரணில் கிடந்த பழைய இட்லித் தட்டை எடுத்தேன். ஒவ்வொரு குழியிலும் ஏழெட்டு உருண்டை தீனி. பூசணி முதல் நாள் என்னை ஒரு பார்வை பார்த்தான், பிறகு குழி குழியாக நக்கித் தின்னப் பழகிவிட்டான், ஒரு நிமிடத்தில் முடிகிற சாப்பாடு ஆறு நிமிடம் ஆகிறது. ஆளுக்கொரு மூலையில் தட்டு, ஒரு நாள் தீனியை நாலு வேளையாகப் பிரித்து வைப்பது, இதிலேயே சில வீடுகளில் பிரச்சினை முடிந்துவிடும்.

தீனி பிராண்டை மாற்றும்போது பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலந்து ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பாக்கெட் வாங்கினால் விலை குறைவு என்று வாங்கி, கிளிப் போட்டு மூடி, நம் ஊர் வெயிலில் இரண்டு மாதம் வைத்தால் கொழுப்பு காறிப்போய் வாடை வந்துவிடும், அதைத் தின்றும் எடுக்கும்.

பால். பூனைக்குப் பால் பிடிக்கும், பாலுக்குப் பூனையைப் பிடிக்காது. தாய்ப்பால் மறந்த பூனைகள் பெரும்பாலானவற்றின் வயிற்றில் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் என்சைம் குறைந்துவிடும், சிலது பேதியாகும், சிலது வாந்தியாகும், சிலது ஒன்றும் ஆகாமல் ஓட்டிவிடும். மீன் குழம்புச் சோறு, ரசம் சோறு போடுபவர்கள் அதிலிருக்கும் வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வேகவைத்தாலும் காயவைத்துப் பொடித்தாலும் அது போகாது. கருவாட்டில் உப்பு. தயிர்ச்சோறு மட்டுமே தின்று வளரும் பூனைக்கு வாந்தி வராமல்கூட இருக்கலாம், ஆனால் டாரின் என்கிற சத்து சோற்றிலோ தயிரிலோ போதுமான அளவில் இல்லை, அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். பூனை இறைச்சி தின்னவே பிறந்தது, நம் வீட்டு ஆசாரம் எதுவானாலும்.

பினாயிலைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. துடைத்த ஈரத் தரையில் பூனை நடக்கும், பிறகு உட்கார்ந்து பாதத்தை நக்கும். பினால் வகைக் கிருமிநாசினிகளும் கற்பூரம், யூகலிப்டஸ் போன்ற எண்ணெய்களும் பூனைக்கு நஞ்சு, காரணம் மேலே பாராசிட்டமாலுக்குச் சொன்ன அதே ஈரல் குறைபாடு. நாய்க்கு வாங்கின உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவுவதும் இதே கணக்கு, பெர்மெத்ரின் இருந்தால் வலிப்பு வரை போகும். பிறந்தநாள் பூங்கொத்தில் லில்லி இருந்தால் அதை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். இதழோ, இலையோ, மேலே உதிர்ந்த மகரந்தத்தை நக்கினாலோ, ஜாடித் தண்ணீரைக் குடித்தாலோகூட ஒன்றிரண்டு நாளில் சிறுநீரகம் செயலிழக்கும், முதல் அறிகுறி வாந்திதான். தின்றதைப் பார்த்தால் வாந்திக்குக் காத்திராமல் உடனே கிளம்புங்கள்.

புல் தின்றுவிட்டு எடுக்கிறதே என்பவர்களுக்கு: புல் தின்பது பூனையின் இயல்பு, பெரும்பாலான பூனைகள் தின்றுவிட்டுச் சும்மாதான் போகின்றன. தொட்டியில் கோதுமையைத் தூவிவிட்டால் ஒரு வாரத்தில் நல்ல புல் கிடைக்கும், மருந்தடித்த செடிப் பக்கம் போகாது. குப்பைமேனியை வேரோடு பிடுங்கினால் அதன்மேல் விழுந்து புரளும், பூனைவணங்கி என்று அதற்குப் பெயரே உண்டு, வேடிக்கை பார்க்கலாம், கஷாயம் வைத்துக் கொடுக்க வேண்டாம்.

முடி விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். சீப்புதான் மருந்து. நாட்டுப் பூனைக்கு வாரம் இரண்டு நாள், பெர்ஷியனுக்குத் தினமும், முடி கொட்டும் காலத்தில் எல்லாருக்கும் தினமும். சீப்பில் வருவதெல்லாம் வயிற்றுக்குள் போகாத முடி. சீவியும் வாரந்தோறும் முடி உருண்டை வந்தால், அதிகமாக நக்குகிறது (அரிப்பு, தெள்ளு, மனக்கலக்கம்) அல்லது குடல் முடியைக் கீழே தள்ளாமல் மந்தமாக இருக்கிறது, இரண்டுக்கும் டாக்டர்.

பூசணிக்கு என்ன ஆயிற்று

காலண்டரைக் கழற்றி அப்படியே கொண்டுபோனேன். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "தீனி என்ன ஃப்ளேவர்?" அதுவும் மீன். ரத்தம், சிறுநீரகம், ஈரல், சர்க்கரை, ஒரு ஸ்கேன், எல்லாவற்றிலும் பெரிதாக ஒன்றுமில்லை. பத்து வயதுக்கு மேல் இருந்திருந்தால் தைராய்டும் பார்த்திருப்பார். நன்றாகத் தின்றும் இளைக்கிறது என்றால் தைராய்டு, நிறையத் தண்ணீர் குடித்து நிறைய சிறுநீர் போகிறது என்றால் சிறுநீரகமோ சர்க்கரையோ என்று வயதான பூனைக்கு யோசிப்பார்கள். பூசணிக்கு உணவு ஒவ்வாமைச் சோதனை. இதுவரை தின்றே இராத ஒரே ஒரு புரதம், அவனுக்கு அது ஆட்டுக்கறி. எட்டு வாரம் அது மட்டும், பிஸ்கட் கிடையாது, பக்கத்து வீட்டு விருந்து கிடையாது. வயிற்றுப் பிரச்சினைக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும் என்றார். வெறும் கறியை மாதக்கணக்கில் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்து குறையும் என்று கூடவே கலக்க ஒரு பொடியும் எழுதிக்கொடுத்தார். சமைக்க முடியாதவர்களுக்குப் புரதத்தை நுணுக்கி உடைத்த ரெடிமேட் தீனி இருக்கிறது, விலைதான் கூடுதல்.

இதில் கஷ்டம் பூனை இல்லை, மனிதர்கள். மூன்றாவது வாரம் அப்பா ஒரு நெத்திலியை மேசைக்கு அடியில் நீட்டியதை நான் பார்த்தேன். "ஒண்ணே ஒண்ணுதானே." மறுநாள் காலண்டரில் ஒரு 'வா'. அதற்குப் பிறகு அப்பாவே வீட்டில் காவல்காரர் ஆகிவிட்டார். சோதனை முடிந்து, டாக்டர் சொன்னபடி வேண்டுமென்றே ஒரு துண்டு மீன் கொடுத்துப் பார்த்தோம், இரண்டாம் நாள் எடுத்தான். மீன்தான். பூனைக்கு மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை, ஆனால் பூனைகளுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாத உணவுகளில் மாடு, கோழியோடு மீனும் ஒன்று.

டாக்டரிடம் போவதற்கு: கூடையை இரண்டு நாள் முன்பே திறந்து வைத்து உள்ளே பழைய துணி போடுங்கள், தானே போய்ப் படுக்கும். கிளம்பும் முன் மூன்று நாலு மணி நேரம் சாப்பாடு வேண்டாம், வண்டி ஆட்டத்தில் எடுக்கும். அரசு கால்நடை மருத்துவமனைகளில் செலவு மிகக் குறைவு. சென்னையில் இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு பக்கம் இருப்பவர்களுக்கும் கல்லூரிகள் உண்டு. கூட்டம் இருக்கும், காலையில் சீக்கிரம் போங்கள், நாய்கள் நிற்கும் வரிசை என்பதால் கூடையின் மேல் ஒரு துண்டு போர்த்திக்கொள்ளுங்கள்.

துடைப்பது மட்டும் பாக்கி. அட்டையால் வழித்தெடுத்துவிட்டு, பச்சைத் தண்ணீரும் சோப்பும். வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். பான்லூகோபீனியா சந்தேகம் இருந்தால் மட்டும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு முப்பது மில்லி ப்ளீச் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாகக் கழுவி, காய்ந்த பிறகு பூனையை விடுங்கள். ஏன் இவ்வளவு பெரிய டைல்ஸ் தரை சும்மா கிடக்க, தேடிப் போய் மிதியடியிலேயே எடுக்கிறது என்று கேட்டால், நகத்துக்குப் பிடிமானம் வேண்டும் என்பார்கள். எங்கள் வீட்டில் மிதியடிகள் நாலு, எல்லாமே மிஷினில் போடக்கூடியதாக வாங்கியது.